பாகற்காயில் புழுவா? மருந்து பாட்டிலைத் தேட வேண்டாம்



இந்த மாதம் ஓர் ஈயைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். ஈ என்றதும் குப்பைத் தொட்டியிலும் கக்கூஸ் ஓரத்திலும் மொய்க்கிற ஈதான் நம்மவர்களுக்கு ஞாபகம் வரும். அதைப் பற்றியும் அது கொண்டு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றியும் எத்தனையோ தடவை பேசியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு ஈ. வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிற பாகல் பந்தலையும் கொய்யா மரத்தையும் பாழாக்குகிற பழ ஈ.

"காய்கறித் தோட்டத்துக்கும் டிரசருக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. மருந்து வாங்க வருகிற சர்க்கரை வியாதிக்காரர்களிடம், தட்டில் பாதிக்குக் காய்கறியும் பழமும் வையுங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சுகாதார அமைச்சு சொல்கிற "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டும் அதுதான்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறி பழம். 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆனால் நம் அக்காமார்கள் என்ன பதில் சொல்கிறார்கள்? "வாங்கித் திங்கக் காசு பத்தல. வீட்ல போட்டா புழு வுழுந்துடுது. என்னா செய்யச் சொல்றீங்க?" நியாயமான கேள்விதானே! 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆகியிருக்கிறது. பாசாரில் காய்கறி விலை அதைப் பார்த்து இறங்கவா போகிறது?

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் ஒரு பாகல் கொடி, ஒரு பீர்க்கங்கொடி, ஒரு கொய்யா மரம், நாலு மிளகாய்ச் செடி ஒழுங்காகக் காய்த்தால், அது சம்பளத்தோடு சேர்ந்த வருமானம் மாதிரி. அதைத்தான் இந்த ஈ தின்றுகொண்டிருக்கிறது.

இரண்டாவது சம்பந்தம் இதைவிடப் பெரியது. புழுவைக் கண்டதும் சிலருடைய பார்வை தோட்டத்து மருந்து ஸ்டோர் பக்கம் திரும்புகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஈயைத் தெரிந்துகொள்வோம்.

புழு எங்கிருந்து வருகிறது?

"பூவிலேயே புழு இருக்குங்க ஐயா" என்பார் ஒருவர். "மழைத்தண்ணி உள்ளாற எறங்கிப் புழு புடிக்குது" என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. புழு தானாக உண்டாவதில்லை. 1668இல் ரெடி என்ற இத்தாலிய வைத்தியர் இறைச்சித் துண்டுகளை ஜாடிகளில் போட்டு, சிலவற்றைத் துணியால் மூடினார், சிலவற்றைத் திறந்து வைத்தார். திறந்த ஜாடி இறைச்சியில் புழு வந்தது. மூடியதில் வரவில்லை. ஈ வந்து முட்டையிட்டால்தான் புழு என்பது அன்றைக்கே தெரிந்துபோன விஷயம். இறைச்சிக்குச் சொன்னது கொய்யாவுக்கும் பொருந்தும். இந்த ஜாடிக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பின்பகுதியில் வேண்டியிருக்கும்.

பழ ஈ பார்ப்பதற்குச் சின்னக் குளவி மாதிரி இருக்கும். ஏறக்குறைய வீட்டு ஈ அளவு. பழுப்பு உடம்பு, தோளில் மஞ்சள் கோடு, ஒட்டிய இடுப்பு, கண்ணாடி இறக்கை. பழுத்த வாழைப்பழத்தில் கூட்டமாகப் பறக்கிற, கடுகை விடக் கொஞ்சம் பெரிதான பூச்சி இருக்கிறதே, அது இல்லை. அது ஏற்கெனவே அழுக ஆரம்பித்த பழத்துக்குத்தான் வரும். பழ ஈயோ, நல்ல காயைத் தேடி வரும்.

பெண் ஈயின் வால் நுனியில் ஊசி போன்ற உறுப்பு ஒன்று உண்டு. நாங்கள் ஊசி போடுகிற மாதிரியே அது காயின் தோலைக் குத்தி, தோலுக்கு அடியில் முட்டைகளை இறக்கிவிட்டுப் போய்விடும். வெளியே தெரிவது ஒரு கறுப்புப் புள்ளிதான். வெள்ளரியிலும் பாகலிலும் அந்த இடத்தில் கொஞ்சம் பிசின் கசிந்திருக்கும். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிந்துவிடும். புழு ஒரு வாரம், பத்து நாள் சதையைத் தின்றுகொண்டு உள்ளேயே கிடக்கும். குத்திய துளை வழியாகக் கிருமிகளும் நுழைவதால் காய் உள்ளுக்குள் அழுகும், காலத்துக்கு முன்பே மஞ்சளாகும், கோணிக்கொள்ளும், பிறகு விழும். விழுந்த பழத்திலிருந்து புழு வெளியே வந்து, உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளும். பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். துள்ளித் துள்ளி அது போவது மண்ணுக்குத்தான். ஓர் அங்குலம், இரண்டு அங்குல ஆழத்தில் பழுப்பு நிற அரிசி மணி போலக் கூட்டுப்புழுவாகச் சுருண்டு கிடந்து, சுமார் பத்து நாளில் ஈயாக வெளியே வரும்.

ஆக, முட்டையிலிருந்து ஈ வரைக்கும் மூன்று வாரம்தான். அந்த ஈ வளர்ந்து முட்டையிட இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடக்கூடும். குளிர் நாடுகளிலாவது பனிக்காலம் வந்து ஈக்கூட்டத்தைக் குறைக்கும். நம் நாட்டில் வருஷம் பூராவும் வெயிலும் மழையும். அதற்கு லீவே கிடையாது.

எதை விரும்பும், எதை விடும்?

எல்லாப் பழ ஈயும் ஒன்றல்ல. நம் வீட்டுப் பக்கத்தில் முக்கியமாக இரண்டு கூட்டம் உண்டு. மரத்துப் பழங்களைத் தாக்கும் கூட்டம் ஒன்று. கொய்யா, நட்சத்திரப் பழமான பெலிம்பிங், ஜம்பு ஆயர், மாம்பழம், சிக்கு, பலா, செம்பெடாக், பழுக்கிற பப்பாளி, பழுத்த வாழை எல்லாம் இதற்கு இஷ்டம். இதில் கொய்யாவும் பெலிம்பிங்கும்தான் முதல் பலி. தோல் மெல்லியது, வாசனை அதிகம். இந்தக் கூட்டத்தில் எத்தனை சாதி என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே வழக்கு நடந்தது. 1994இல் பப்பாளி ஈ, பெலிம்பிங் ஈ என்று தனித்தனிப் பெயர் கொடுத்தார்கள். 2015இல் பப்பாளி ஈ தனிச் சாதி அல்ல, பழைய கீழை நாட்டுப் பழ ஈயேதான் என்று திரும்பச் சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறியதால் கொய்யாவுக்கு ஒன்றும் விடிந்துவிடவில்லை.

இரண்டாவது கூட்டம் கொடிக்காய்க்காரன். பாகல், பீர்க்கு, புடல், வெள்ளரி, சுரை, பூசணி. சில சமயம் பயத்தங்காயையும் தக்காளியையும் தொடும். இது பழுக்கும் வரை காத்திருக்காது. பிஞ்சிலேயே குத்தும், பூவைக்கூட விடாது. "பூவிலேயே புழு" என்று நம் ஆட்கள் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும். இவை தவிர மிளகாயைத் தாக்குகிற ஓர் ஈயும் உண்டு. மிளகாய் பழுக்கும் முன்பே கொட்டினால், பிளந்து பாருங்கள், உள்ளே வெள்ளைப் புழு இருக்கும்.

கத்தரிக்காயிலும் வெண்டைக்காயிலும் இருக்கும் புழு பெரும்பாலும் இந்த ஈயின் புழு அல்ல. அதற்குத் தலை தெரியும், கால் இருக்கும். அது அந்துப்பூச்சியின் புழு. ஈப்புழுவுக்குக் காலும் இல்லை, தலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வித்தியாசம் தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

கீரை, மரவள்ளி, சேம்பு, தேங்காய், அன்னாசி போன்றவற்றுக்கு இந்த ஈயால் தொல்லை இல்லை. பப்பாளியில் ஒரு சூட்சுமம் உண்டு. பச்சையாக இருக்கும்போது அதன் பால் ஈயைக் கிட்ட விடாது. மரத்திலேயே மஞ்சளாக விட்டால்தான் ஆபத்து. ஆகவே ஒரு கீற்று மஞ்சள் தெரிந்ததும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். வாழைத் தாரையும் முற்றிய பச்சையிலேயே வெட்டிவிடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

புழுவைத் தின்றுவிட்டால்?

இதுதான் தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. "கொய்யாப்பழத்துப் புழுவைப் பையன் தின்னுட்டான், வயித்துல பூச்சி வந்துடுமா ஐயா?"

வராது. கொய்யாப் புழு வேறு, வயிற்றுப் பூச்சி வேறு. கொய்யாப் புழு நம் குடலில் வாழும் சாதி அல்ல, பெரும்பாலும் மற்றச் சாப்பாட்டோடு அதுவும் செரித்துப் போய்விடும். சிலருக்கு வயிறு கொஞ்சம் கலக்கலாம், அவ்வளவுதான். வயிற்றில் வளரும் நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் இருக்கிறது, மனித மலம் கலந்த மண்ணில். கால்வாய் ஓரம் விழுந்து கிடந்த பழத்தைப் பிள்ளை எடுத்து, சட்டையில் துடைத்துவிட்டுக் கடிக்கிறான் பாருங்கள், அங்கேதான் பூச்சி முட்டை உள்ளே போகிறது. குற்றவாளி பழத்தின் மேல் ஒட்டிய மண். ஓடும் தண்ணீரில் கழுவித் தின்றால் பாதித் தொல்லை போச்சு.

புழு விழுந்த இடம் சின்னதாக இருந்தால், அதைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். சமைத்தால் இன்னும் நல்லது. கொழகொழவென்று அழுகி, புளித்த நாற்றம் வந்துவிட்டதைச் சாப்பிட வேண்டாம். அதில் புழுவைவிட மோசமான கிருமிகள் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் புழு குத்திய பழமே வேண்டாம்.

இன்னொன்று. பல் பட்ட பழத்தைத் தொடாதீர்கள். ஈ குத்திய துளை வேறு, எலியோ வௌவாலோ கடித்த காயம் வேறு. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் பற்றி உங்களுக்குத் தெரியும். வௌவால் விஷயம் நம் நாட்டுக்குப் பெரிய பாடம். 1998லும் 1999லும் ஈப்போ பக்கத்திலும் நெகிரி செம்பிலானிலும் பரவிய நிப்பா காய்ச்சலில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பன்றிக் கொட்டகைகளை ஒட்டி நின்ற பழ மரங்களில் வௌவால்கள் தின்று போட்ட மிச்சம் பன்றிகளுக்குப் போய், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கு அந்தக் கிருமி வந்தது என்று பின்னால் கண்டார்கள். கடித்த பழத்தைப் பிள்ளைகள் கையில் பார்த்தால் வாங்கி எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

பாட்டிலில் வருகிற ஆபத்து

இப்போது மருந்து ஸ்டோர் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இருவருக்கும் வாந்தி. வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வேர்வை, கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பார்த்ததுமே இது சாதாரண வாந்தி இல்லை என்று தெரிந்துவிட்டது. விசாரித்தால், அப்பா முதல் நாள் சாயங்காலம் வெள்ளரிக் கொடிக்கு மருந்து அடித்திருக்கிறார். காலையில் பிள்ளைகள் பிஞ்சு வெள்ளரியைப் பறித்து உப்புத் தொட்டுத் தின்றிருக்கிறார்கள். மருந்து வந்தது வேலை செய்யும் இடத்திலிருந்து, குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி. பேரும் இல்லை, லேபிளும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் என்ன விஷம் என்று கண்டுபிடிக்கவே நேரம் போயிற்று. பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தத் தகப்பன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டோரைப் பூட்டாமல் வைத்திருந்தவர்கள், மருந்து அடிக்கிற ஆளுக்கு அது என்ன மருந்து என்றுகூடச் சொல்லாமல் பம்ப்பை முதுகில் மாட்டிவிட்டவர்கள், அவர்கள் மேல்தான் கோபம்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். புழு எங்கே இருக்கிறது? காய்க்குள்ளே. மருந்து எங்கே விழுகிறது? தோலின் மேலே. உள்ளே இருக்கிற புழு சௌகரியமாகத் தின்றுகொண்டிருக்கும், மேலே இருக்கிற மருந்து நம் வாய்க்கு வரும். சரி, உள்ளே ஊடுருவுகிற மருந்தாகப் பார்த்து அடித்தால்? புழுவுக்குள் போகிற மருந்து, அதே காயைத் தின்கிற நமக்குள்ளும் போகும். கழுவினால் போகாது, வேகவைத்தால் போகும் என்று நம்பவும் முடியாது. செம்பனையில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கிற மருந்தும், நாற்றுப் பையில் போடுகிற குருணையும், தின்கிற காய்க்கு அளவு பார்த்துச் செய்தவை அல்ல. எந்த மருந்துக்கும் லேபிளில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு தண்ணீரில், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கும். கொடிக்காயோ நாளுக்கு நாள் பறிக்கிற சாமான். இன்றைக்கு அடித்து நாளைக்குப் பறித்தால் அந்தக் கணக்கெல்லாம் எங்கே நிற்கும்?

பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முழுவதும் தடை. அதைக் குளிர்பானம் என்று நினைத்து ஒரு வாய் குடித்தவர்களைக் காப்பாற்ற மாற்று மருந்தே கிடையாது. பழைய பாட்டில் எங்காவது கூரை இடுக்கில், கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டும் முன் சங்கக் கிளைச் செயலாளரிடமோ மருந்தறையிலோ சொல்லுங்கள். கால்வாயில் ஊற்றாதீர்கள். காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடிப்பதும், அரிசி போட்டு வைப்பதும் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்து டின்தான்.

மருந்து அடித்த காயைத் தின்று யாருக்காவது வாந்தி, வேர்வை, எச்சில் ஒழுகல், கண் மங்கல், தசை துடித்தல், மூச்சுத்திணறல் வந்தால், உப்புத் தண்ணீரோ தேங்காயெண்ணெயோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 999க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாட்டிலையும் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிற தேசிய நச்சு மையத்தை டாக்டர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள, அந்தப் பெயர் ஒன்று போதும்.

மூடி வைத்த ஜாடி

மருந்து இல்லாமல் என்ன செய்வது? ரெடியின் ஜாடிக்குத் திரும்புவோம். மூடியதில் புழு இல்லை. காயையும் மூடிவிட வேண்டியதுதான்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கம்பத்து மலாய்க்காரர்கள் செம்பெடாக்குக்கும் பலாவுக்கும் தென்னங்கீற்றில் கூடை பின்னி மாட்டுவதை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் மலேசியப் பெலிம்பிங்கும் ஒவ்வொரு பிஞ்சாகக் காகிதம் கட்டி வளர்த்ததுதான். நாம் பழைய நாள்காட்டித் தாள், செய்தித்தாள், அரிசி வாங்கிய பை, பலாவுக்குக் கோணிச்சாக்கு, எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

விஷயம் நேரத்தில்தான் இருக்கிறது. கொய்யா எலுமிச்சம்பழ அளவு வந்ததும் கட்டுங்கள். பெலிம்பிங்கை விரல் நீளத்திலும், மாங்காயைக் கோழிமுட்டை அளவிலும் கட்டுங்கள். பாகலுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது. பெண் பூவின் பின்னால் சுண்டுவிரல் மாதிரிப் பிஞ்சு இருக்குமே, பூ வாடியதும் அதற்கு நீளமான காகிதக் குழாய் மாட்டிவிட வேண்டும். அதற்கு முன்னால் கட்டினால் தேனீ உள்ளே போகாது, பிஞ்சு பிடிக்காது. இரண்டு நாள் தாமதித்தால் ஈ முந்திக்கொள்ளும். கட்டும் முன் காயைச் சுற்றிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் கட்டிப் பயனில்லை, பைக்குள் புழு வளர்க்கிற வேலைதான். காம்பிடத்தில் இடைவெளி இல்லாமல் நூலால் கட்டுங்கள்.

பிளாஸ்டிக் பையானால் அடியில் ஊசியால் நாலைந்து துளை போடுங்கள். காய் வேகாமல் இருக்க மட்டும் அல்ல, மழைத்தண்ணீர் தேங்கினால் அதில் டிங்கிக் கொசு முட்டையிடும். ஈயை விரட்டப் போய்க் கொசுவைக் கூப்பிட்ட கதையாகக் கூடாது. கொய்யா மரத்தைக் கவாத்துப் பண்ணி, கை எட்டும் உயரத்தில் வைத்துக்கொண்டால் கட்டுகிற வேலை சுலபம். ஏணி ஏறி விழுந்து கை ஒடிந்தால் அதற்கும் என்னிடம்தான் வர வேண்டும்.

அடுத்தது, விழுந்ததைப் பொறுக்குவது. இதை நம் ஆட்கள் செய்வதே இல்லை, அல்லது பொறுக்கி லயத்துக்குப் பின்னால் குப்பை மேட்டில் கொட்டுகிறார்கள். கொட்டினால் புழு மண்ணுக்குள் போய் சுமார் பத்து நாளில் ஈயாகத் திரும்பி வரும். ஒருநாள் விட்டு ஒருநாளாவது பொறுக்கி, ஒன்றரை இரண்டு அடி ஆழக் குழியில் போட்டு மண்ணை மிதித்து மூடுங்கள். குழி வெட்ட முடியாதவர்கள் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு வாரம் பத்து நாள் நல்ல வெயிலில் வையுங்கள். உள்ளேயே வெந்துவிடும். கோழி வளர்ப்பவர்கள் பாக்கியசாலிகள். பழத்தைப் பிளந்து போட்டால் கோழி புழுவைப் பொறுக்கித் தின்னும், மரத்தடி மண்ணைக் கிளறினால் கூட்டுப்புழுவையும் தின்னும்.

இந்த ஈ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பல மைல் பறந்து போகிற பூச்சி. நீங்கள் ஒருவர் மட்டும் பொறுக்கி, பக்கத்து வீட்டுக் கொய்யா அழுகிக் கிடந்தால், உங்கள் உழைப்பு வீண். ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் நடக்கிறபோது கால்வாய் சுத்தம் செய்வதோடு, காலி வீடுகளின் மரத்தடிப் பழத்தையும் சேர்த்து அள்ளுங்கள். ஆள் இல்லாத வீட்டு மரம்தான் ஈக்குப் பெரிய மடுவம்.

துளசியைப் பற்றி ஒரு செய்தி. வாசல் துளசியில் நாலைந்து இலையைப் பறித்துக் கசக்கி, கொய்யா மரத்தடியில் காலை நேரத்தில் வைத்துப் பாருங்கள். சில சமயம் பழ ஈக்கள் வந்து உட்காரும். துளசியில் இருக்கிற மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் ஆண் ஈக்களை இழுக்கும். 1912 வாக்கில் இந்தியாவில் பூசா என்ற ஊரில் ஹவ்லெட் என்ற வெள்ளைக்காரப் பூச்சியியல் நிபுணர் இப்படி வாசனைக்கு ஆண் பழ ஈக்கள் வருவதைப் பதிந்து வைத்தார். நம் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தான் கெங் ஹோங், காட்டு ஆர்க்கிட் பூக்கள் இதே வாசனையைக் காட்டிப் பழ ஈயை அழைத்து மகரந்தம் சுமக்க வைப்பதை ஆராய்ந்தார். கடைகளில் கிடைக்கும் பழ ஈப் பொறியில் இருப்பதும் இந்த வாசனைதான். வாங்கி மாட்டலாம், ஆனால் அதை மட்டுமே நம்பிவிடாதீர்கள். சாவது ஆண் ஈ, குத்துவது பெண் ஈ. கொடிக்காய் ஈ இந்த வாசனைக்கு வரவும் வராது, அதற்கு வேறு மருந்து வைத்த பொறி வேண்டும்.

பெண் ஈக்கு முட்டை வளர்க்கப் புரதம் வேண்டும். அதை வைத்து இன்னொரு முறை இருக்கிறது. புரதத் தீனியில் மிகக் கொஞ்சம் பூச்சி மருந்து கலந்து, காயில் படாமல் இலையில் மட்டும் அங்கங்கே ஒரு சொட்டு அடிப்பது. மார்டி ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய எஸ். விஜயசேகரன் 1980களில் பெலிம்பிங் தோப்புகளுக்காக இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பத்து வீடு சேர்ந்து செய்வதானால் விவசாய இலாகா அதிகாரியைக் கேட்டுச் செய்யலாம். வீட்டில் நாமே கலக்குகிற வேலை வேண்டாம்.

சாம்பல் தூவுவதைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். இலையில் வரும் சில பூச்சிகளுக்குச் சாம்பல் சரி. ஈயின் ஊசியைச் சாம்பல் தடுக்காது, ஒரு மழை பெய்தால் சாம்பலும் இருக்காது.

ஒக்கினாவா என்ற ஜப்பானியத் தீவுகளில் நம் பாகற்காய்தான் முக்கியக் காய், கோயா என்பார்கள். இந்தக் கொடிக்காய் ஈயின் காரணமாக அங்கிருந்து பாகற்காயை ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்ப முடியாமல் இருந்தது. 1972இல் தொடங்கி, மலடாக்கிய ஈக்களைக் கோடி கோடியாக வளர்த்துப் பறக்கவிட்டு, 1993இல் அந்த ஈயையே ஒழித்துவிட்டார்கள். இருபது வருஷ வேலை, அரசாங்கம் செய்த வேலை. தீவு என்பதால் முடிந்தது. நமக்குக் காகிதமும் மண்வெட்டியும்தான்.

கொய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. 100 கிராம் கொய்யாவில் சுமார் 228 மில்லிகிராம் சி வைட்டமின் இருக்கிறது. அதே எடை ஆரஞ்சில் சுமார் 53தான். கடையில் ஆரஞ்சு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக் கொய்யாவை ஈக்கு விட்டுக்கொடுக்கிறோம். பாகற்காயும் நல்ல காய். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்கள் பாகற்காய்ச் சாறு குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. போன வாரம்கூட ஒரு பெரியவரிடம் இதற்காகச் சத்தம் போட்டேன்.

கடைசியாக, ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி. "புழு வுழுந்த மாங்காய வீசாம ஊறுகா போடலாமா?" போடலாம். ஆனால் முழுசாகப் போடாமல் ஒவ்வொன்றையும் பிளந்து பாருங்கள். புழு ஓடிய இடத்தையும் அதைச் சுற்றி நிறம் மாறிய சதையையும் வெட்டி எறியுங்கள், மீதி கெட்டியாகவும் பச்சையாகவும் இருந்தால் மட்டும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உப்புப் போடுங்கள். கொட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் அந்த மாங்காய் முழுவதும் குழிக்குத்தான். வெட்டி எறிந்ததையும் அதே குழியில் போட்டு மூடுங்கள்.